மாப்பிள்ளை போட்ட அப்டேட்

அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்க முடியாது. எப்போதோ ஒருமுறை மாமியாரின் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அன்றைக்கே கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு பல்பு மாற்றுவதென்றாலும் "எதுக்கும் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார்கள். அவரும் கூச்சப்படாமல் பதில் சொல்வார். தெரியாது என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. வேலை ஒன்று அமையும்வரை என்று சொல்லிக்கொண்டு மனைவியோடு மாமியார் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர், அங்கே இருப்பதையே ஒரு வேலையாக அமைத்துக்கொண்டார்.

வீட்டின் மருமகளுக்கு அவர் அண்ணன் முறை. கணவனின் தங்கை புருஷன் அப்படித்தானே ஆக வேண்டும். அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். முறையில் ஒரு குறையும் இல்லை. கூடப் பிறந்த அண்ணன் என்றால் சண்டை போடலாம், கையைத் தட்டிவிடலாம், "உனக்கு ஒண்ணும் தெரியாது, எழுந்திரு" என்று சொல்லலாம். மாப்பிள்ளையாக வந்த அண்ணனிடம் அதெல்லாம் ஆகாது.

தெருவைப் பார்த்த முன்னறை அவளுடையது. யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, எம்ப்ராய்டரி மெஷின் அங்கே நின்றதால் அவளுடையதாக ஆனது. கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த பட்டறையை மூடியபோது கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்த மெஷின். பழைய மாடல், ஆள் உயரம், தலையில் நூல் கண்டுகள் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் தைக்கிற சின்னங்கள்தான் அவள் தொழில். ஒரு பள்ளிக்குச் சிங்கம், ஒரு பள்ளிக்குத் திறந்த புத்தகம், ஒரு பள்ளிக்கு என்னவென்றே புரியாத ஒரு பறவை. கடைத்தெருவில் அவளுக்கு பேட்ஜ் அக்கா என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் அவளைக் கூப்பிடுகிற எல்லாப் பெயரும் யாரோ ஒருவருக்கு அவள் என்ன முறை என்று சொல்லும். இது ஒன்றுதான் அவள் என்ன செய்கிறாள் என்று சொன்னது.

மெஷின் தானாக எதையும் தைக்காது. மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர், படத்தைத் தையலாக மாற்றி ஒரு கேபிள் வழியாக அனுப்ப வேண்டும். அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க டிரைவர் என்று ஒரு குட்டி மென்பொருள், தையல் மென்பொருளுக்கு டாங்கிள் என்று விரல் நுனி அளவில் ஒரு பச்சைத் துண்டு. கம்ப்யூட்டரின் பின்னால் டாங்கிள் செருகியிருந்தால்தான் மென்பொருள் வாயைத் திறக்கும். இதையெல்லாம் மாட்டிக்கொடுத்த மெக்கானிக் அன்றைக்கே அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். "இந்த டாங்கிள் கம்பெனியே இப்ப கிடையாதும்மா. கம்ப்யூட்டர் அப்டேட் பண்ணட்டுமா பண்ணட்டுமான்னு கேக்கும். எத்தனை தடவை கேட்டாலும் பிறகுன்னு சொல்லிடுங்க. சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க." அவளும் பிறகு, பிறகு என்று அமுக்கியே காலம் தள்ளினாள்.

பள்ளிகள் திறப்பதற்கு முன் வருகிற சீசன் அது. யூனிஃபார்ம் கடைக்காரர் அந்த வருஷம் எல்லாப் பள்ளிகளின் சின்னங்களையும் அவளுக்கே கொடுத்திருந்தார். வேறு ஒரு பட்டறையும் போட்டிக்கு நின்றது. அதைத் தாண்டி அவளுக்குக் கொடுத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சொன்ன தேதியில் கொடுத்துவிட்டால் இனி எல்லா வருஷமும் அவளுக்குத்தான் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஏதோ விண்ணப்பத்தை அச்சடிக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

அவள் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து, திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"என்ன தங்கச்சி, இதுல இவ்வளவு நாளா அப்டேட்டே போடலையா? கேட்டுக்கிட்டே இருக்கே."

"அது எப்பவும் கேக்கும்ணா. நான் பிறகுன்னு குடுத்துடுவேன்."

"பிறகு பிறகுன்னா எப்போ? பழசையே வச்சிருந்தா வைரஸ் பூந்துடும். போட்டுடட்டுமா?"

வேண்டாம் என்கிற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. மெக்கானிக் வேண்டாம் என்று சொன்னார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்படிச் சொன்னால் மாப்பிள்ளையைவிட ஒரு மெக்கானிக்குக்கு அதிகம் தெரியும் என்று ஆகிவிடும். அதை எப்படிப் பூசி மெழுகிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"இதையெல்லாம் அவகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கணுமா? நீங்க பாத்து நல்லதைச் செய்யுங்க மாப்பிள்ளை."

கணவன் டீ டம்ளரோடு வாசற்படியில் சாய்ந்து நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மெக்கானிக் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு வாய் டீயை உறிஞ்சிவிட்டு, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

"உங்க இஷ்டம்ணா" என்றாள் அவள்.

அவர் அமுக்கினார். மூன்று பேர் வாய் பார்க்க, ஒருவர் விரலால் முடிந்துபோன காரியம். கம்ப்யூட்டர் அணைந்து, எரிந்து, திரும்ப அணைந்து, நீல வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது திரையில் யாருமே போகாத ஒரு கடற்கரைப் படம் பளபளவென்று நின்றது. மாப்பிள்ளை தன் விண்ணப்பத்தை அச்சடித்தார். பிரிண்டர் சொன்னபடி கேட்டது. "எவ்வளவு வேகம் பாத்தீங்களா மச்சான்" என்றார். மச்சான் பார்த்தான். மாமியாரும் வந்து பார்த்தாள். வேகமாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். போகிற போக்கில், "தேவையில்லாத பழைய ஃபைல் எல்லாம் மலை மாதிரி கிடந்துச்சு தங்கச்சி, அதையும் கழிச்சுவிட்டுட்டேன்" என்றார்.

அவர் மாடியேறிய பிறகு அவள் உட்கார்ந்து தையல் மென்பொருளைத் திறந்தாள். டாங்கிளைக் காணோம் என்றது. கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பச்சைத் துண்டு இருந்த இடத்தில் இருந்தது, ஆனால் அதன் சின்ன விளக்கு எரியவில்லை. கேபிளைத் தேடினாள், அதுவும் பட்டியலில் ஒரு மஞ்சள் முக்கோணமாக உட்கார்ந்திருந்தது. மெஷின் பக்கம் திரும்பினாள். அது வழக்கம்போலத் துணி மாட்டும் ஃபிரேமை நீட்டிக்கொண்டு, படம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கேபிளைப் பிடுங்கிச் செருகினார். பிறகு வேறு ஓட்டையில் செருகினார். பிறகு ஊதிச் செருகினார். "கேபிள் போயிடுச்சு" என்றார். புதுக் கேபிள் வந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை. "கரண்ட் பிரச்சனை" என்றார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். ஒன்றும் இல்லை என்று சொன்னதற்காக மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். "எலி எங்கயாவது வயரைக் கடிச்சிருக்கும்" என்றாள் நாத்தனார். எலியைத் தேடி அறையைப் புரட்டினார்கள். அடுத்து மாப்பிள்ளை மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளையாக அவர் எதையும் தொடாமல் தலையை வெளியே எடுத்தார். "மெஷினுக்கே வயசாயிடுச்சு தங்கச்சி" என்றார், மருத்துவர் வராந்தாவுக்கு வந்து சொல்வதுபோல.

இத்தனை பேர் இத்தனை காரணம் சொன்னார்கள். ஒருவர் வாயிலும் அப்டேட் என்ற வார்த்தை வரவில்லை. காலையில் ஓடிய மெஷின் மத்தியானம் ஓடவில்லை, நடுவில் நடந்தது ஒரே ஒரு காரியம். அது எல்லோருக்கும் தெரியும். கரண்டில் தேடினார்கள், எலியில் தேடினார்கள், அந்த ஒரு இடத்தைக் கண்டும் காணாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவளும்தான். அவள் மட்டும் என்ன யோக்கியம். ஒருநாள் சமையலறையில் வாயெடுத்து, "அத்தை, அன்னைக்கு அண்ணா வந்து..." என்று ஆரம்பித்தாள். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை. "...வந்து டார்ச் எல்லாம் அடிச்சுப் பாத்தாரு, பாவம்" என்று வாக்கியத்தை முடித்துக்கொண்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

யூனிஃபார்ம் கடைக்காரர் போன் செய்தார். "பேட்ஜ் அக்கா, சிங்கம் ரெடியா?" என்றார். நூல் தீர்ந்துவிட்டது என்றாள். அடுத்த தடவை, ஊசி உடைந்துவிட்டது என்றாள். அதற்கடுத்த தடவை அவர் சிரிக்கவில்லை. "முடியலைன்னா சொல்லிடுங்கக்கா. அந்தப் பட்டறைக்காரங்க தினமும் வந்து நிக்கறாங்க. எனக்கு ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கைக்கு வரணும்." முடியும் என்றாள்.

வீட்டில் அதற்குள் வேறு பேச்சு நடக்க ஆரம்பித்திருந்தது. மெஷின்தான் ஓடவில்லையே, முன்னறை சும்மாதானே கிடக்கிறது, மாப்பிள்ளைக்கு ஒரு ஆபீஸ் மாதிரி வைத்துக்கொடுத்தால் என்ன என்று நாத்தனார் ஆரம்பித்தாள். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். "இவளும் எந்நேரமும் அந்த டகடகா சத்தத்துக்குள்ளயே கிடந்தா. இனிமேலாவது வீட்டைப் பாத்துக்கட்டும்." இரும்பு வியாபாரி ஒருவன் தெருவில் போனபோது மாமியார் அவனை நிறுத்தி, கனமான மெஷின் என்றால் எப்படி எடுத்துப்போவீர்கள் என்று விசாரித்ததை அவள் தன் காதாலேயே கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

எல்லோரும் மாடியில் இருந்த ஒரு மத்தியானம், தன் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, புது சிஸ்டத்திலிருந்து பழையதற்குத் திரும்பிப்போக ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. வீடியோவில் ஒருவன் அதை அமுக்கிச் சிரித்தான். அவள் கம்ப்யூட்டரில் அதே இடத்துக்குப் போனாள். பொத்தான் இருந்தது, ஆனால் சாம்பல் பூத்திருந்தது. எத்தனை தடவை அமுக்கினாலும் அசையவில்லை. திரும்பிப் போவதற்கு வேண்டிய பழைய ஃபைல்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மலை மாதிரி கிடந்தது என்று அண்ணன் கழித்துவிட்டாரே, அது அந்தத் திரும்பி வரும் வழிதான். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே அவரை நன்றாகத் திட்டினாள். அண்ணா என்ற மரியாதை அந்தத் திட்டில் எங்கேயும் இல்லை.

நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனையில் நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள், யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "அப்டேட் ஆயிடுச்சு" என்றாள். அந்தப் பக்கம் மெக்கானிக் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

மறுநாள் அவர் வந்தார். பெரிய ஆள், பெரிய குரல், வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேரே முன்னறைக்குள் போனார். யார் வரச்சொன்னது என்று மாமியார் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவேயில்லை. வீட்டில் அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். மாப்பிள்ளை மின்விசிறிக்குக் கீழே தன் வழக்கமான நாற்காலியில் செல்போனோடு இருந்தார். மெக்கானிக் தன் பையிலிருந்து ஓரம் உடைந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தார். டாங்கிளைப் பிடுங்கி அதில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. கேபிளை மாட்டினார். அவளைப் பார்த்து, "துணியைப் போடும்மா" என்றார். அவள் ஃபிரேமில் துணியை இறுக்கினாள். மெஷின் ஒரு தடவை தலையை அசைத்துவிட்டு, டகடகவென்று சிங்கத்தின் பிடரியைத் தைக்க ஆரம்பித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல, கேபிள்ல ஒண்ணும் இல்ல. நல்லா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர்ல அப்டேட்டைப் போட்டது எவன்?"

எவன் என்ற சொல் மின்விசிறிக்கு அடியில் போய் நின்றது. மாப்பிள்ளை செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் கட்டைவிரல் நின்றுவிட்டது. நாத்தனாரின் முகம் சிவந்தது.

மாமியார்தான் முதலில் பேசினாள். "யாரும் போடலப்பா. அது தானாவே ஆயிடுச்சு."

"ஆமா, தானாத்தான் ஆச்சு" என்றான் கணவன்.

"தானா ஆகாதுங்க. இதுல ஆகாத மாதிரி நான் வச்சிருந்தேன். யாராவது சரின்னு அமுக்கினாத்தான் ஆகும்." மெக்கானிக் விடுகிற வழியாக இல்லை. "சும்மா அமுக்கிட்டு விட்டாலும் பரவாயில்ல, நேத்து போன்ல இந்தம்மா சொன்னாங்க, பழைய ஃபைலையும் சேத்து அழிச்சிருக்கு. அரைகுறையாத் தெரிஞ்ச ஆளு செய்யற வேலை இது. யாருன்னு சொன்னா நானே ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

நாத்தனார் எழுந்துவிட்டாள். "வாங்க மேல போலாம்" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள், குரல் உடைந்திருந்தது. அவர் எழவில்லை. எழுந்தால் தான்தான் என்று ஆகிவிடும், உட்கார்ந்திருந்தால் இன்னும் கேட்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் செல்போனையே வெறித்துக்கொண்டிருந்தார். மாமியார் மருமகளைப் பார்த்தாள். கணவனும் அவளைப் பார்த்தான். அவன் பார்வையில் கெஞ்சல் இருந்தது, அதிகாரமும் இருந்தது.

அவள் கணக்குப் போட்டாள். மாப்பிள்ளை எழுந்து மாடியேறினால் பின்னாலேயே நாத்தனாரின் அழுகை ஏறும். அந்த அழுகை இறங்கி வரும்போது மெக்கானிக்கை வெளியே போகச் சொல்வார்கள். அவரோடு அந்த லேப்டாப்பும் போய்விடும். அடுத்து வருவது இரும்பு வியாபாரி. இதற்கெல்லாம் எதிரில் நின்றது ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாக்கியம்தானே, போகிறது என்று நினைத்தாள்.

"நான்தான் அமுக்கினேன்" என்றாள்.

அறை மூச்சுவிட்டது. அவ்வளவு பேருடைய நிம்மதியையும் அவள் தன் முதுகில் உணர்ந்தாள். மெக்கானிக் மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அவர் நம்பியிருந்தாலும் நம்பாவிட்டாலும், அவருக்கு வேலை இருந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா" என்று ஆரம்பித்து, கம்ப்யூட்டரைக் குழந்தைகளும் பெண்களும் எப்படித் தெரியாமல் தொட்டுக் கெடுக்கிறார்கள் என்பது வரைக்கும் ஒரு நீளப் பேச்சு பேசினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பேச்சு முடிகிற இடத்தில் மாப்பிள்ளை செல்போனைக் கீழே வைத்தார்.

"விடுங்க சார்" என்றார். "தெரியாம செஞ்சுட்டாங்க. தங்கச்சிக்கு என்ன தெரியும்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கேலியாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றுமில்லை. உண்மையாகவே பெருந்தன்மையோடுதான் சொன்னார்.

மெக்கானிக் பழைய சிஸ்டத்தை அதே கம்ப்யூட்டரில் முதலிலிருந்து ஏற்றினார். டிரைவரைப் போட்டார், டாங்கிளைச் செருகினார், இணைய வயரைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். "இதை மாட்டவே வேண்டாம். அப்டேட்டுன்னு ஒண்ணு இருக்கறதையே இது மறந்துடும்." சாயங்காலத்துக்குள் சிங்கம், புத்தகம், பெயர் தெரியாத பறவை எல்லாம் வரிசையாக விழ ஆரம்பித்தன. அவள் குளிக்கக்கூட எழாமல் தைத்தாள். கடைக்காரருக்குச் சொன்ன தேதியில் சின்னங்கள் போய்ச் சேர்ந்தன. "அசத்திட்டீங்கக்கா" என்றார் அவர். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு ஒரு உரிமை இருந்தது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை இறங்கி வந்தார். மாமியாரும் கூடவே வந்தாள். "திரும்ப இப்படி ஆகக்கூடாது பாருங்க" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டார். அதைத் தன் செல்போனில் குறித்துக்கொண்டார்.

"என்னண்ணா பாஸ்வேர்ட்?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு தங்கச்சி? காலைல ஒரு குரல் குடுங்க, நானே வந்து திறந்து விடறேன். எங்கயாவது தெரியாம அமுக்கி, திரும்பவும் மெக்கானிக், திரும்பவும் தொந்தரவு."

"அவர் சொல்றதும் நியாயம்தானே" என்றாள் மாமியார்.

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? நான் அமுக்கவில்லை, நீங்கள்தான் அமுக்கினீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு இருந்த ஒரே நாளில், வெளியாளான ஒரு மெக்கானிக் முன்னால், அவளே அதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டாள். மற்ற எல்லோரும் அதை ஒப்புக்குக் கேட்டுக்கொண்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவர்களோ அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு அவள் மாடிப்படிக்குக் கீழே நின்று, "அண்ணா" என்று கூப்பிடுவாள். ஒருநாள் உடனே வருவார். ஒருநாள் குளித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நாத்தனார் மட்டும் எட்டிப் பார்த்து, "தூங்கறாரு அண்ணி, கொஞ்சம் பொறுங்க" என்பாள். வரும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும், அவர் டைப் அடிப்பார். சிறிது நாளில், அடிக்கடி ஏறி இறங்க முடியவில்லை, சேர்த்துவைத்து ஒரே தடவையில் ஏற்றிவிடுகிறேன் என்று கடைக்காரரின் படங்களைத் தன் செல்போனுக்கே அனுப்பச் சொல்லிவிட்டார். கடைக்காரருக்கும் அது வசதியாக இருந்தது. இப்போதெல்லாம் அவர் போன் செய்தால் மாடியில்தான் மணியடிக்கிறது. என்ன தைக்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை இறங்கி வந்து அவளுக்குச் சொல்வார். மெஷின் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவ்வளவு நன்றாக அது முன்னால்கூட ஓடியதில்லை.

விருந்தாளிகள் வந்தால் மாமியார் முன்னறையைக் காட்டிச் சொல்வாள். "இதெல்லாம் மாப்பிள்ளைதான் பாத்துக்கறாரு. ஒரு தடவை இவ எதையோ அமுக்கி எல்லாத்தையும் கெடுத்து வச்சா. அவர் இருந்ததால தப்பிச்சோம்." விருந்தாளிகள் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்பார். மெக்கானிக் அந்தக் கதையிலிருந்து எப்போது காணாமல் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு காலை மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய சின்னங்கள் பாதியில் நின்றன. அவள் முன்னறையில் கையைக் கட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றாள். கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். வேலைக்குக் கிளம்புகிற அவசரம்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"உங்க மாப்பிள்ளை வந்து திறந்துவிட்டாத்தானே."

அவன் அலுத்துக்கொண்டான். குரலில் எரிச்சல்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. வீட்டுக்காரி செய்த ஒரு தப்பைப் பொறுத்துப்போகிற மனுஷனின் வருத்தம்.

"அன்னைக்கு நீ மட்டும் அந்த அப்டேட்டை அமுக்காம இருந்திருந்தா இவ்வளவும் வந்திருக்குமா சொல்லு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். டீ டம்ளரோடு வாசற்படியில் சாய்ந்து நின்ற முகம் அது. மாப்பிள்ளையின் விரல் மவுஸில் இறங்கியதை அங்கிருந்தே பார்த்த முகம். விளையாடுகிறான் என்று ஒரு நொடி நினைத்தாள். அவன் விளையாடவில்லை.

"நான் அமுக்கல" என்றாள்.

கணவன் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். இவளுக்கு என்ன ஆயிற்று என்று நிஜமாகவே புரியாதவன்போல இருந்தது அவன் பார்வை.

"என்ன பேசற நீ?" என்றான். "எல்லார் முன்னாடியும் நீதானே சொன்ன."